ஒரு தரகர், மூன்று வீடு: நியூரோபிலினில் எந்தப் பக்கம் போவது?

அக்கா மகள் புதுச்சேரியில் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ப்ராஜெக்ட்டுக்கு அவளிடம் இருப்பது 5 மாதம். கைடு நியூரோபிலின் என்ற ரிசப்டரின் (செல்லின் மேல் நின்று வெளியிலிருந்து வரும் சேதியைப் பிடிக்கும் புரதத்தின்) பெயரை மட்டும் சொல்லி, இதில் எந்தப் பக்கம் போவது என்று வெள்ளிக்கிழமைக்குள் முடிவு பண்ணிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடலூருக்கு பஸ் ஏறிவிட்டாள். சில்வர் பீச்சில் சுண்டல் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் கேள்வி வந்தது: "மாமா, ரத்தக் குழாயா, நரம்பா, இம்யூனிட்டியா? மூணுலயும் இது இருக்கு. எதை எடுக்கறது?"

நான் விலங்கியல் பாடம் எடுப்பவன். ஒரு காலத்தில் கோழிக்கருவை வைத்து ஆராய்ச்சி செய்தவன். அன்றைக்கு அவளிடம் சொன்னதையும், அப்புறம் வீட்டில் உட்கார்ந்து யோசித்துத் திருத்திக்கொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நவம்பர் மாதத்தில் இதே மாதிரி தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும் பிள்ளைகள் இந்தப் பக்கம் நிறையப் பேர் உண்டு.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம். நியூரோபிலின்-1 செல்லின் வெளிச்சவ்வில் குத்தி நிற்கும் ஒரு புரதம். மனிதரில் 923 அமினோ அமில நீளம். அதில் பெரும்பகுதி செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பது ஏறக்குறைய 40 அமினோ அமிலம் கொண்ட ஒரு குட்டி வால். பல ரிசப்டர்கள் வெளியே சேதி வந்ததும் உள்பக்கம் தங்களிடமே இருக்கும் ஒரு நொதியைக் கிளப்பிவிடும். இந்த வாலில் அப்படி எந்த நொதியும் கிடையாது. வந்த மூலக்கூறைப் பிடித்து, பக்கத்தில் இருக்கும் இன்னொரு ரிசப்டரிடம் கொண்டுபோய் நிறுத்துவதுதான் இதன் முக்கிய வேலை. நம்மூர் தரகர் மாதிரி. பத்திரத்தில் அவர் கையெழுத்து இருக்காது, ஆனால் அவர் இல்லாமல் பத்திரம் பதிவாகாது. அதே தரகர் காலையில் மஞ்சக்குப்பத்தில் மனை காட்டுவார், மத்தியானம் பெண் வீட்டுக்கு ஜாதகம் எடுத்துக்கொண்டு போவார்.

நரம்பில் இந்தத் தரகர் செமாஃபோரின்-3ஏ என்ற புரதத்தை பிளெக்ஸின் ரிசப்டரிடம் சேர்க்கிறார். ரத்தக் குழாயில் வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிப் புரதத்தை, லேப் பேச்சில் சொன்னால் வெஜ்எஃப்பை, அதன் இரண்டாம் எண் ரிசப்டரிடம் சேர்க்கிறார். எதிர்ப்புச் செல்களில் யாரை யாரிடம் சேர்க்கிறார் என்பது செல்லுக்குச் செல் மாறுகிறது. அங்கேதான் சிக்கலும் ஆரம்பிக்கிறது.

சரி, நரம்பு. கண்டுபிடிப்பே இங்கேதான் தொடங்கியது என்பதால் இதை முதலில் வைக்கிறேன். என் மனசு இந்தப் பக்கம் சாயும் என்பதும் ஒரு காரணம். 1987இல் ஜப்பானில் ஹாஜிமே ஃபுஜிசாவாவின் குழு ஆப்பிரிக்கத் தவளையின் தலைப்பிரட்டை மூளையில், பார்வை நரம்பு போய்ச் சேரும் இடத்தில் இந்தப் புரதத்தை முதலில் பார்த்தது. அப்போது வைத்த பெயர் ஏ5. அது என்ன செய்கிறது என்று தெரிய 10 வருஷம் ஆனது. இடையில், 1993இல், ஜோனதன் ரேப்பரின் குழு கோழி மூளையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தது. வளர்ந்து போகும் நரம்பிழையின் நுனி உள்ளங்கை மாதிரி விரிந்திருக்கும். இந்தப் புரதம் பட்டதும் அந்தக் கை சுருங்கி மடங்கிவிடும். அதனால் அதற்குக் கொலாப்ஸின் என்று பெயர். பிறகு அதுவே செமாஃபோரின்-3ஏ ஆனது. செமாஃபோர் என்றால் பழைய ரயில்வே ஸ்டேஷன்களில் நின்ற கைகாட்டி. இந்தப் பக்கம் வராதே என்று நரம்பிழைக்குக் கைகாட்டுகிற புரதத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. அந்தக் கைகாட்டியை நரம்பிழை எதை வைத்துப் பார்க்கிறது என்ற கேள்விக்கு 1997இல் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் பதில் சொன்னன: நியூரோபிலின்.

லேபில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 7, 8 நாள் கோழிக்கருவின் தண்டுவடத்துக்கு இரு பக்கமும் நரம்பு முடிச்சுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கடுகை விடச் சின்னது. நுனி கூர்ந்த இடுக்கியால் ஒவ்வொன்றாக உருவி, லாமினின் என்ற ஒட்டுப் புரதம் பூசிய கண்ணாடியில் வைத்து, நரம்பு வளர்ச்சிப் புரதம் கலந்த திரவத்தில் ஒரு ராத்திரி விட்டால், காலையில் சூரியன் வரைந்த மாதிரி நாலா பக்கமும் இழை ஓடியிருக்கும். செமாஃபோரினை ஊற்றி ஒரு மணி நேரத்துக்குள் பார்த்தால் நுனிகள் மடங்கியிருக்கும். விரிந்தது எத்தனை, மடங்கியது எத்தனை என்று எண்ணினால் அது உங்கள் தரவு. இவ்வளவு நேரடியாகப் பதில் சொல்லும் சோதனை உயிரியலில் அதிகம் இல்லை.

ஆனால் 5 மாதக் கணக்கில் பார்த்தால் இரண்டு முட்டுக்கட்டை. முடிச்சை உருவுகிற கை வர எனக்கு 2 மாதம் ஆனது. அவளுக்கு விரல் நளினம் அதிகம், 6 வாரத்தில் வரலாம். அதுவரை வருவதெல்லாம் கிழிந்த முடிச்சுதான். இரண்டாவது பணம். செமாஃபோரின், லாமினின், நரம்பு வளர்ச்சிப் புரதம் மூன்றையும் மைக்ரோகிராம் கணக்கில் விற்கிறார்கள். ஐஸில் வரவேண்டிய பார்சல் வழியில் ஒரு நாள் வெயிலில் நின்றால் போச்சு. இதையெல்லாம் தாண்டி வந்தாலும் கடைசியில் கையில் இருப்பது 1997இல் முடிந்துபோன கேள்வியின் பதில். புதிதாக ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். அதற்கு நேரம் இருக்காது.

அடுத்து இம்யூனிட்டி. இப்போது இந்த மூலக்கூறைப் பற்றிப் பேச்சு அதிகம் இருப்பது இங்கேதான், அவளுடைய வகுப்பில் பாதிப்பேர் ஓடுவதும் இதன் பின்னால்தான். 2002இல், கிருமியின் துண்டைக் காட்டும் டென்ட்ரைட்டிக் செல்லும் அதைப் பார்த்துக் கிளம்பும் டி செல்லும் முதன்முதலில் உரசிக்கொள்ளும் இடத்தில் இரண்டு பக்கமும் நியூரோபிலின் இருப்பதைக் காட்டினார்கள். பிறகு எலிகளில், எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் டி-ரெக் செல்களின் மேல் இது தூக்கலாக இருப்பது தெரிந்தது. நெஞ்சில் உள்ள தைமஸ் சுரப்பியில் பிறந்த டி-ரெக்கையும் வெளியே உருவான டி-ரெக்கையும் இதை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம் என்று 2012இல் வந்தது. மறு வருஷமே டேரியோ விக்னாலியின் குழு, செமாஃபோரின்-4ஏ நியூரோபிலினைத் தொடும்போதுதான் கட்டிக்குள் இருக்கும் டி-ரெக் செல்கள் தடுமாறாமல் நிற்கின்றன என்று காட்டியது. அதாவது புற்றுக்கட்டிக்குக் காவல் நிற்கும் ஆட்களை நிலைநிறுத்துவதில் இந்தத் தரகருக்குப் பங்கு உண்டு. மருந்து ஆசை வருவதில் வியப்பில்லை.

இதைக் கேட்டதும் அவள் சொன்னாள், "அப்ப என் பிரெண்ட்ஸ் ரத்தத்துல டி-ரெக் எடுத்து இதைப் பார்த்துடலாமே?"

இங்கேதான் பல பேர் வழுக்கி விழுகிறார்கள். எலியில் சொன்னது மனிதருக்கு அப்படியே பொருந்தாது. மனித ரத்தத்தில் நியூரோபிலினை டி-ரெக்கின் அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 2009லேயே காட்டிவிட்டார்கள். மனித ரத்தத்தில் இது அடையாளமாக இருப்பது வேறொரு செல்லுக்கு, பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரைட்டிக் செல்லுக்கு. ஆன்டிபாடி பட்டியலில் பி.டி.சி.ஏ.-4 என்றும் சி.டி.304 என்றும் இருப்பது நம் நியூரோபிலின்தான். பெயர் மாறியிருப்பதால் இரண்டும் ஒன்று என்று தெரியாமலே ஆர்டர் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் செல்லோ, ரத்தத்தில் பிரித்தெடுத்த ஒற்றைக்கரு செல்கள் நூறில் ஒன்றுகூடத் தேறாது. எண்ணுவதற்கு, செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் வேண்டும், அதில் நேரம் வாங்க வேண்டும், நிறம் ஏற்றிய ஆன்டிபாடி நாலைந்து வேண்டும். மனித ரத்தம் என்றால் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டும். பிரெண்ட்ஸ் கையை நீட்டிவிடுவார்கள், கமிட்டி அவ்வளவு சீக்கிரம் நீட்டாது. விண்ணப்பம் ஒரு கூட்டத்தில் திரும்பி வந்து அடுத்த கூட்டத்துக்குப் போனாலே பொங்கல் தாண்டிவிடும்.

லேப்டாப்பில் முடிக்கிற வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணு எவ்வளவு ஓடுகிறது என்ற தரவுகள் பொதுவில் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் நியூரோபிலினைத் தேடலாம். அது நல்ல வேலைதான். ஆனால் லேபில் கை நனைய வேண்டும் என்பதற்காக இந்தப் படிப்புக்கு வந்தவளுக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 3 வருஷ பிஎச்.டி. என்றால் நானே இந்தப் பக்கம்தான் தள்ளிவிடுவேன்.

கொரோனா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், கடைசியில் இது தேவைப்படும். 2020 அக்டோபரில் வந்த இரண்டு ஆய்வுகள், கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழைய நியூரோபிலினும் உதவுகிறது என்று காட்டின. வைரஸின் முள் புரதத்தை ஃபியூரின் என்ற நொதி வெட்டியதும் அதன் வெட்டுமுனையில் அர்ஜினைன் என்ற அமினோ அமிலம் வெளியே தெரியும். நியூரோபிலின் பிடிப்பது அந்த நுனியை. இந்த விதியை எர்க்கி ருயோஸ்லாட்டியின் குழு 2009லேயே சொல்லியிருந்தது: கடைசி எழுத்து அர்ஜினைனாக இருந்தால் பிடிக்கும், அதற்குப் பின்னால் இன்னொன்றை ஒட்டவைத்தால் விட்டுவிடும். வெஜ்எஃப்பின் கடைசி எழுத்தும் அர்ஜினைன்தான்.

இனி ரத்தக் குழாய். நேர்மையாகச் சொன்னால் இதைத்தான் முதலில் தள்ளிவைத்தேன். காரணம் நியூரோபிலின் இல்லை, முட்டை. முட்டைக்குள் வளரும் கருவின் மேல் படரும் சவ்வில் ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கும். ஓட்டில் ஜன்னல் வெட்டி, அந்தச் சவ்வின் மேல் எதையாவது வைத்து, குழாய் கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பது காம் அஸே. செலவு குறைவு என்பதால் நம் கல்லூரிகளில் இதைச் செய்யாத துறை இல்லை. தும்பை, கீழாநெல்லி, வேப்பிலை என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் அரைத்துச் சொட்டு விட்டு, குழாய் குறைந்தது, ஆகவே புற்றுநோய்க்கு மருந்து என்று முடிக்கும் ரிப்போர்ட்டுகளை மதிப்பெண் போட்டுப் போட்டே எனக்குச் சலித்துவிட்டது. அந்த வரிசையில் இவளும் போய் நிற்கவா என்று தோன்றியது.

அவள் பஸ் ஏறின பிறகு பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். அப்போதுதான் மனசு மாறியது.

1998இல் மைக்கேல் கிளாக்ஸ்பிரன் குழுவில் ஷே சோக்கர், ரத்தக் குழாய்ச் செல்களின் மேலும் சில புற்றுச் செல்களின் மேலும் நியூரோபிலின் இருக்கிறது, அது வெஜ்எஃப்பின் 165 அமினோ அமில வடிவத்தைப் பிடிக்கிறது என்று காட்டினார். நரம்பின் ரிசப்டர் ரத்தக் குழாயிலும்! அதற்கு முன்பே ஜப்பானில், நியூரோபிலினை அளவுக்கு மேல் உற்பத்தி செய்யும் எலிக்கருக்களில் குழாய்கள் தாறுமாறாகப் பெருகியிருந்தன. அது அறவே இல்லாத கருக்கள் குழாய்களும் இதயமும் சரியாக அமையாமல் கருவிலேயே இறந்தன. ஆகவே கதை நேர்க்கோட்டில் இருந்தது: வெஜ்எஃப்பைப் பிடிக்கிறது, குழாய் வளர்கிறது. பாடப்புத்தகத்தில் இன்றைக்கும் இப்படித்தான் இருக்கும்.

அப்புறம் ஒவ்வொரு பிடியாகக் கழற்றிப் பார்த்தார்கள். 2003இல், செமாஃபோரினைப் பிடிக்க முடியாமல், வெஜ்எஃப்பை மட்டும் பிடிக்கும் நியூரோபிலினோடு எலிகளை உருவாக்கினார்கள். நரம்புகள் கலைந்து கிடந்தன, குழாய்கள் பெரும்பாலும் ஒழுங்காக வந்தன. இதுவரை சரி. 2014இல் மறுபக்கத்தைச் செய்தார்கள், வெஜ்எஃப்பைப் பிடிக்கும் இடத்தைக் கெடுத்தார்கள். புத்தகப்படி அந்த எலிகள் கருவிலேயே செத்திருக்க வேண்டும். சாகவில்லை. கருவில் குழாய்கள் அமைந்தன. குறைபாடு தெரிந்தது பிறந்த பிறகு, விழித்திரை போன்ற இடங்களில் குழாய் வளரும்போதுதான். அப்படியென்றால் கருவில் குழாய் கட்டுவதற்கு நியூரோபிலின் வேண்டும், ஆனால் அது வெஜ்எஃப்பைப் பிடிப்பதற்காக அல்ல. தரகர் வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும், ஆனால் எல்லாரும் நினைத்த வரனுக்காக வரவில்லை.

மருந்து பக்கமும் இதே கதைதான். நியூரோபிலினை அடைக்கும் ஒரு ஆன்டிபாடியை, வெஜ்எஃப்பை அடைக்கும் பெவாசிஸுமாபோடு சேர்த்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, சிறுநீரில் புரதம் எதிர்பார்த்ததை விட அதிகம் போனது. இத்தனை வீட்டில் வேலை செய்கிறவரை ஒரே கதவில் நிறுத்தினால் வேறெங்கோ சத்தம் கேட்கத்தான் செய்யும்.

இந்தச் சந்தேகத்தை ஒரு எம்.எஸ்சி. மாணவி முட்டையில் தொட்டுப் பார்க்க முடியும். 7 அமினோ அமிலம் கொண்ட ஒரு பெப்டைடு, அதாவது குட்டிப் புரதத் துண்டு, இருக்கிறது. எழுத்துக் கணக்கில் ஏ-டி-டபிள்யூ-எல்-பி-பி-ஆர். வெஜ்எஃப் நியூரோபிலினோடு ஒட்டுவதை அது தடுக்கும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். கடைசி எழுத்து ஆர், அதாவது அர்ஜினைன். கொரோனா விஷயத்தில் சொன்ன அதே நுனி. அந்த ஒரு எழுத்தை மட்டும் அலனைனாக மாற்றி இன்னொரு பெப்டைடு செய்யச் சொன்னால், ஒட்டக் கூடாத ஜோடி கிடைத்துவிடும். இவ்வளவு குட்டி பெப்டைடுகளை ஆர்டர் கொடுத்துச் செய்துகொள்ளலாம். செமாஃபோரின் வாங்குவதோடு ஒப்பிட்டால் செலவு பாக்கெட்டுக்குள் அடங்கும். முழுப் புரதம் மாதிரி சீக்கிரம் கெட்டும் போகாது. உப்புநீர், முதல் பெப்டைடு, ஒரு எழுத்து மாறிய பெப்டைடு என்று மூன்று குழு. முதலாவது குழாயைக் குறைத்து, மாற்றியது குறைக்காவிட்டால் ஒரு செய்தி. இரண்டுமே ஒன்றும் செய்யாவிட்டால், 2014 எலிகள் சொன்னதோடு வைத்துப் பேச இன்னொரு செய்தி. இரண்டுமே குறைத்துவிட்டால் அவள் கையில் ஏதோ தப்பு. எது வந்தாலும் வைவாவில் பேச வாய் இருக்கும்.

முட்டையின் தொல்லைகளும் லேசானவை அல்ல. கடை முட்டையில் கரு இருக்காது. அடை வைக்கிற முட்டையாகத் தேடிப் பிடிக்க வேண்டும், டார்ச் அடித்துப் பார்த்துப் பொய் முட்டையைக் கழிக்க வேண்டும். குழுவுக்கு 20 வைத்தால் 12, 13 கடைசிவரை நிற்கும் என்பது என் அனுபவம். எல்லாவற்றையும் விடக் கள்ளத்தனமானது ஓட்டுத் தூள். ஜன்னல் வெட்டும்போது சவ்வின் மேல் தூள் விழுந்தால் அந்த இடம் புண்ணாகி, வீக்கத்தின் காரணமாகவே அங்கே குழாய் கூடும். பெப்டைடின் வேலை என்று அதை எண்ணிவிடுவோம். ரத்தக் குழாயைப் பார்க்கப் போன இடத்தில் எதிர்ப்புச் செல்கள் வந்து உட்கார்ந்துகொண்டு விடை எழுதுகின்றன. இந்த ரிசப்டரை மூன்று துறையாகப் பிரித்தது நம் சிலபஸ் வசதிக்காக, முட்டைக்கு அது தெரியாது. வெட்டுகிற இடத்தில் டேப் ஒட்டிவிட்டு வெட்டினால் தூள் குறையும். போட்டோவில் குழாய்க் கிளைகளை எண்ணும்போது எது எந்தக் குழு என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. ரூம்மேட்டை எண்ண வைக்கலாம், படத்தில் எண்ணி அளக்க உதவும் இமேஜ்ஜே மென்பொருள் இலவசம்தான்.

புதன்கிழமை போனில் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"எனக்கு நரம்புதான் மாமா பிடிச்சிருக்கு. அந்தக் கை மடங்கறது."

எனக்கும்தான். அதனால் ஒரு பேரம் பேசினோம். ரிப்போர்ட் ரத்தக் குழாயில். ஒவ்வொரு முறை அடை வைக்கும்போதும் 4 முட்டை கூடுதலாக வைத்து, 8ஆம் நாள் அவற்றை எடுத்து நரம்பு முடிச்சு உருவிப் பழக வேண்டியது. கிழிந்தால் கிழியட்டும், அதற்கு மார்க் கிடையாது. கை வந்துவிட்டால், பிஎச்.டி. நேர்முகத்தில் சொல்லிக்கொள்ள ஒரு வித்தை இருக்கும்.

கைடு ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் டிசம்பரிலேயே முட்டை வைக்கப் பார்த்தாள். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் இந்தக் கரையில் ஏறியபோது என் இன்குபேட்டரில் இரண்டு தட்டு முட்டை இருந்தது, அன்றைக்கு 9ஆம் நாள். 37.5 டிகிரி என்று எழுதி ஒட்டியிருந்த பெட்டி மூன்றாம் நாள் அறைச் சூட்டுக்கு வந்து, ஐந்தாம் நாள் நாறியது. கரண்ட் வருவதற்குள் பொங்கலே வந்துவிட்டது. அந்த வம்பு மறுபடி எனக்கு வேண்டாம், மழை முடியட்டும் என்றேன். டிசம்பர் முழுக்கப் பெப்டைடு ஆர்டரும் ஜன்னல் வெட்டிப் பழகுவதும். பழக கடை முட்டை போதும், மிச்சம் ஆம்லெட்.

பொங்கல் கழிந்து முதல் திங்கட்கிழமை முட்டை வருகிறது. பண்ருட்டிப் பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கும் ஒருவரிடம் 64 சொல்லி வைத்திருக்கிறேன். பாண்டி பஸ்ஸில் ஆட்டம் அதிகம் என்பதால் அட்டைப் பெட்டியைக் காலடியில் வைக்கக் கூடாது, ஆளுக்கு ஒரு தட்டு மடியில் வைத்துக்கொண்டு போவது என்று பேச்சு. அக்காவையும் கூட்டிக்கொள்கிறோம்.